ஒற்றைக்கால் சிறுத்தை

காட்டு வாசலில் ஒரு பலகை இருந்தது. லொள்ளு அதை ஊருக்கே கேட்கும்படி வாசித்தான்.

"'இங்கே நீங்கள் விருந்தாளி. மெல்லப் பேசுங்கள்.' அத்தை, என் மாமியார் வீட்டுல கூட இவ்வளவு மரியாதையா யாரும் என்னை வாயை மூடச் சொன்னதில்ல."

"வாசிச்சாச்சா? இப்ப மூடு."

அத்தை அவனுக்கு மட்டும் அத்தை இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைப் பிடிக்கும் வேலையில் இருந்து, ஓய்வு பெற்று, சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்ட நாளிலிருந்து ஊரே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. லொள்ளு அவளுடைய அண்ணன் மகன். அலுவலகத்தில் அவன்தான் உதவியாளன், ஓட்டுநர், வாய். இப்போது வாய்தான் அதிகம் தேவைப்பட்டது. கணவர் போன பிறகு அத்தை அளந்துதான் பேசினாள். முள் குத்தினால் குத்தியது தெரிந்தது. வலி வந்து சேரவில்லை. சாப்பிட்டது உப்பா புளிப்பா என்று யாராவது கேட்டால் தட்டைத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது.

பலகைக்குப் பக்கத்தில் கூண்டு வண்டி நின்றிருந்தது. முன்சக்கரம் கழற்றப்பட்டு, வண்டி ஜாக்கியில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வாசலுக்கு எதிரே இருந்த பஞ்சர் கடையில், தண்ணீர்த் தொட்டிக்குள் டியூபை அமுக்கிப் பிடித்தபடி ஓர் ஆள் குந்தியிருந்தார். வனத்துறை அதிகாரி நிழலுக்கும் வெயிலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"சாயங்காலத்துக்குள்ள கூண்டை உள்ள வெச்சாகணும்மா," என்றார் அத்தையிடம். "அதுக்குள்ள நீங்க என்ன கண்டுபிடிக்கணுமோ கண்டுபிடிச்சுக்குங்க. எனக்கு மேலிடத்து உத்தரவு."

நடந்தது இதுதான். இந்தக் காட்டை, அதைச் சுற்றியிருந்த வீடுகள்தான் சங்கம் வைத்துப் பார்த்துக்கொண்டன. ஒரு காலத்தில் இது மொட்டை மலை. முறை வைத்து நட்டார்கள், முறை வைத்துக் காவல் நடந்தார்கள். மரம் வந்தது. மரத்தின் பின்னால் மான் வந்தது, முள்ளம்பன்றி வந்தது, ஓடையில் நீர்நாய் வந்தது. கடைசியாக ஒரு தாய்ச் சிறுத்தை வந்தது. அதைப் பார்க்க ஊர் ஊராக ஆட்கள் வந்தார்கள். சிறுத்தை குட்டி போட்டால் காட்டின் நடுப்பகுதியைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுவார்கள். கயிற்றுக்கு அப்பால் யாரும் போகக் கூடாது. போனால், போனவரின் வீட்டில் இருக்கிற எல்லோரும் காட்டுக்கு வெளியே. வேலையும் கிடையாது, நுழையவும் முடியாது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் சங்கத் தலைவர்.

போன வாரம் ஒரு காலை, கயிற்றுக்கு அப்பால் ஒரு பாறைக்கு அடியில் அந்தத் தலைவரே கழுத்து முறிந்து கிடந்தார். நடைபாதையிலிருந்து பாறை வரைக்கும் சிறுத்தையின் தடங்கள். உடம்பில் கடியில்லை, கீறலில்லை. சிறுத்தை துரத்தியிருக்கிறது, உயிருக்குப் பயந்து கயிற்றைத் தாண்டி ஓடியிருக்கிறார், பாறையில் ஏறி வழுக்கியிருக்கிறார் என்று சங்கம் எழுதிக் கொடுத்தது. ஆளைத் துரத்தும் சிறுத்தையை விட்டுவைக்க முடியாது என்று வனத்துறை பதில் சொன்னது. கூண்டு வந்துவிட்டது. தாய் போனால் குட்டிகள் என்ன ஆகும் என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

தலைவரின் மனைவி முந்தைய நாள் அத்தையின் அலுவலகத்துக்கு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "அது துரத்தலை. நிரூபிச்சுக் குடுங்க," என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. கண் வறண்டிருந்தது. அத்தைக்கு அந்தக் கண்ணைத் தெரியும். தினமும் காலையில் பல் தேய்க்கும்போது எதிரே பார்க்கிற கண்தான்.

இப்போது தலைவரின் மனைவிதான் முன்னால் நடந்தாள். பார்வையாளர்களைக் கூட்டிப்போகும் வழிகாட்டி வேலை அவளுக்கு. கழுத்தில் ஊதல் தொங்கியது. பின்னால் சங்கச் செயலாளர் வந்தார். தொழில் தையல். கழுத்திலிருந்த அளவு நாடாவை அவர் காட்டுக்குள்ளும் கழற்றவில்லை.

"இது எதுக்கு சார்? சிறுத்தைக்குச் சட்டை தைக்கிறீங்களா?" என்றான் லொள்ளு.

"தடத்தை அளக்கத்தான் தம்பி. காட்டுக்கு நாடா வாங்கித் தர்றேன்னு சங்கத்துல சொல்லிச் சொல்லி வாங்கவே இல்ல."

பாதை வளைந்த இடத்தில் வழிகாட்டி நின்று, கையைக் காட்டினாள். நடைபாதையிலிருந்து விலகி, மரங்களுக்கு இடையில், கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் தொட்டிகள் வரிசையாகப் போயின. சிவப்பு, நீலம், விளிம்பு உடைந்த பச்சை, குழந்தையைக் குளிப்பாட்டும் மஞ்சள். பச்சை இருட்டுக்குள் அவை ஏதோ ஒரு கிறுக்குப் பிடித்த ஊர்வலமாகத் தெரிந்தன.

"ஊர்ல இன்னிக்கு யாரும் துணி துவைக்கலையா?" என்றான் லொள்ளு.

"தடம் அழியாம இருக்கணும்ல. வீட்டுக்கு ஒண்ணு குடுத்தாங்க," என்றார் செயலாளர்.

அத்தை முதல் தொட்டியைத் தூக்கினாள். காய்ந்த சேற்றில் அழகான ஒரு தடம். நடுவில் திண்டு, மேலே நான்கு விரல். அடுத்த தொட்டியைத் தூக்கினாள். அதற்கடுத்தது. ஐந்தாறு தொட்டிகளுக்குப் பிறகு நிமிர்ந்தாள்.

"லொள்ளு, கீழ குனிஞ்சு பாரு. எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சிருக்கு."

அவன் பார்த்தான். திரும்பிப் போய் முதல் தடத்தைப் பார்த்துவிட்டு வந்தான். "அத்தை, எல்லாமே ஒரே கால். நாலு கால்ல மூணை வீட்டுல வெச்சுட்டு வந்துருக்கு. நொண்டி விளையாடியே ஒரு மனுஷனைத் துரத்தியிருக்கு."

"இடது பின்னங்கால்," என்றார் செயலாளர் உடனே. "நாங்க எப்பவும் அது ஒண்ணைத்தான் எடுப்போம். கணக்கெடுக்கும்போது நாலு காலையும் எடுத்தா ஒரே சிறுத்தை நாலாயிடும்ல. அதனால இடது பின்னங்கால் மட்டும். அதுல பிளாஸ்டர் ஊத்தி அச்சு எடுத்து வெச்சுக்குவோம். பழக்கம். அன்னைக்கும் அதை மட்டும்தான் மூடினோம். மத்ததெல்லாம் அவரைத் தூக்கிட்டு வரும்போது மிதிபட்டுப் போச்சு."

லொள்ளுவின் முகம் தொங்கிப்போனது. "காத்து போச்சு அத்தை."

அத்தை கையிலிருந்த தொட்டியைத் திரும்பக் கவிழ்த்தாள். பதில் சரியாகத்தான் இருந்தது. கேட்கும் முன்பே தயாராக இருந்தது என்பது மட்டும்தான் குறை. அப்படிப்பட்ட பதில்களை அவள் முந்தைய உத்தியோகத்தில் நிறையக் கேட்டிருந்தாள். தீப்பிடித்த கிடங்குகளின் முதலாளிகள் அப்படித்தான் பேசுவார்கள்.

கயிறு வந்தது. இடுப்பு உயரத்தில், மரத்துக்கு மரம் கட்டியிருந்தார்கள். வழிகாட்டி அதற்கு ஓரடி முன்னாலேயே நின்றுகொண்டாள். செயலாளர் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்.

"விசாரணைக்குன்னு உங்களுக்கு அனுமதி குடுத்திருக்கோம். நாங்க வர மாட்டோம். மெதுவாப் போங்க. பார்த்தா ஓடாதீங்க."

"பார்த்தான்னா? எதைப் பார்த்தா?" என்றான் லொள்ளு. செயலாளர் கயிற்றை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

கயிற்றுக்கு அப்பால் காடு வேறாக இருந்தது. யாரோ இப்போதுதான் பேசி முடித்த அறைக்குள் நுழைகிற மாதிரி. தொட்டிகள் தொடர்ந்தன. லொள்ளு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"எனக்கு ஒருத்தர் மேல சந்தேகம் அத்தை. வாசல்ல பஞ்சர் ஒட்டுறாரே, அவர் யார் தெரியுமா? செத்தவரோட சொந்தத் தம்பி, தனி வீடு. போன தடவைக்கு முந்தின தடவை அது குட்டி போட்டப்ப கயிறு தாண்டிட்டாராம். குட்டியைப் பார்க்கணும்னு ஆசை. கூடப்பிறந்தவன்னு கூடப் பார்க்காம அண்ணனே எழுந்து நின்னு, 'இவன் வெளிய போகணும்'னு கையைத் தூக்கினாராம். அன்னையிலேர்ந்து வாசலுக்கு எதிர்லயே கடை. உள்ள கால் வெக்க முடியாது. வயித்தெரிச்சல் இருக்காதா?"

"இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?"

"டிரைவர். கூண்டு வண்டி டிரைவர். பஞ்சர் ஒட்டி முடியறதுக்குள்ள அவர் எனக்கு அவங்க குடும்ப வரலாறே சொல்லிட்டார்."

அத்தை அடுத்த தொட்டியைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள்.

"எத்தனை விரல்?"

"மூணு," என்றான் லொள்ளு. "இருங்க. மூணா?" அவன் பின்னால் ஓடி முந்தைய தடத்தைத் திறந்தான். "இங்க நாலு." முன்னால் ஓடினான். "இங்க மூணு. இங்கேயும் மூணு. அத்தை, போற வழியில விரலைத் தொலைச்சுட்டு, குனிஞ்சு கூடத் தேடாம போயிருக்கு."

நான்குக்கும் மூன்றுக்கும் நடுவில், சருகுக்கடியில் ஒரு கல் தலைநீட்டிக்கொண்டிருந்தது. அத்தை மண்டியிட்டு, கல்லைச் சுற்றிச் சருகை விலக்கினாள். சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு துண்டு கிடைத்தது. உருண்டையாக, ஒரு பக்கம் முறிந்து. விரலால் தேய்த்தபோது மாவு உதிர்ந்தது.

"பிளாஸ்டர்," என்றாள்.

லொள்ளு உட்கார்ந்துவிட்டான். "அச்சை வெச்சு அமுக்கியிருக்காங்க. முத்திரை குத்துற மாதிரி. கல்லுல பட்டு விரல் போயிடுச்சு. அப்போ நிஜமாவே ஒத்தைக்கால்தான்! அச்சு எடுக்கிற பழக்கமே ஒரு கால்தானே. வேற கால் அச்சே இந்த ஊர்ல இல்ல."

"இந்த ஊர்க்காரங்க மட்டும்தான் இப்படி மாட்டிக்க முடியும்," என்றாள் அத்தை. அதைக் கண்டுபிடித்ததில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. வர வேண்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், இல்லை. துண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நடந்தாள்.

பாறை பெரிதாக இல்லை. ஆனால் மறுபக்கம் நேராக இறங்கியது. அத்தை பார்த்துப் பார்த்து ஏறினாள். மேலே, ஒரு ஆள் உட்காரும் அளவுக்குப் பாசி தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. அவள் அங்கே உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் வலது கை தானாக ஒரு பிளவின்மேல் போய் விழுந்தது. பிளவுக்குள் வேர்க்கடலைத் தோல். அடியில் கறுத்துப்போனது, அதற்குமேல் பழுப்பு, மேலே புதுசு. ஒரு தோல்கூட வெளியே சிந்தியிருக்கவில்லை.

"அத்தை," என்றான் லொள்ளு. அவன் குரலில் வேடிக்கை சுத்தமாக இல்லை. "எதிர்ல."

பள்ளத்துக்கு அந்தப்பக்கம், சரிந்த பாறைகளின் நிழலில் சிறுத்தை படுத்திருந்தது. ஒரு குட்டி அதன் வாலைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. சிறுத்தை தலையைத் தூக்கி அவர்களைப் பார்த்தது. அத்தையும் பார்த்தாள். தெருவில் தெரிந்தவர்களைப் பார்க்கிற மாதிரி பார்த்தது. பிறகு கொட்டாவி விட்டது. எழுந்து, குட்டியை வாயில் கவ்வி, அவசரமில்லாமல் பாறைக்குப் பின்னால் போயிற்று.

"துரத்தலை," என்றான் லொள்ளு.

"இந்த இடத்துல ஒரு மனுஷன் உட்கார்றது அதுக்குப் பழகிப் போச்சு. இந்தத் தோலைப் பாரு. அவரை யாரும் துரத்தி இங்க கொண்டுவரலை. தினமும் வந்து உட்கார்ந்து, கடலை தின்னு, பார்த்துட்டுப் போயிருக்கார். ஒரு நாள் பாறை ஈரமா இருந்திருக்கு."

"கயிறு கட்டின தலைவரே கயிறைத் தாண்டியிருக்காரா? தம்பியை வெளிய அனுப்பினவரா?"

"தோலைக்கூடக் கீழ போடலை பாரு. தப்பு பண்ணும்போதும் காட்டுல குப்பை போட மனசு வரலை."

திரும்பி வந்தபோது வழிகாட்டியும் செயலாளரும் கயிற்றருகில் அப்படியே நின்றிருந்தார்கள். செயலாளர் அத்தையின் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், நாடாவைச் சுருட்டத் தொடங்கினார். வழிகாட்டி திரும்பி நடந்தாள். வழியில் ஓரிடத்தில் கையை நீட்டி, "இடது பக்கம், மரங்கொத்தி," என்றாள். பத்து பேர் கொண்ட கூட்டத்திடம் சொல்கிற குரல். சொல்லிவிட்டு மேலே நடந்தாள்.

அத்தைக்கு அப்போதுதான் உறைத்தது. கணவர் போனபோது அவள் டாக்டரைக் கேட்டாள், நர்ஸைக் கேட்டாள், ஆம்புலன்ஸ் டிரைவரைக் கூடக் கேட்டாள். கடைசியாக என்ன சொன்னார், வலித்ததா, யாரையாவது தேடினாரா. மரத்துப்போனாலும் வாய் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்தப் பெண் துப்பறிய ஆள் வைத்திருக்கிறாள். அந்த ஆள் கயிற்றுக்கு அப்பால் போய்விட்டு வந்திருக்கிறாள். என்ன கிடைத்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சங்கக் கட்டடம் ஒரே அறை. சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கப் பிளாஸ்டர் அச்சுகள். மான் குளம்பு, முள்ளம்பன்றி, நீர்நாய். ஒரு தட்டு முழுக்கச் சிறுத்தை. அத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் விரல்கள் முழுசாக இருந்தன. எல்லாம் வெள்ளை வெளேர் என்று இருந்தன. அவள் கைக்குட்டையை அவிழ்த்துத் துண்டை மேசைமேல் வைத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் அது மஞ்சளாகத் தெரிந்தது, லேசாகப் பிசுக்கும் இருந்தது.

"இது இந்த அலமாரியிலேர்ந்து போகலை," என்றாள். "எண்ணெய்ப் பிசுக்கு. அடுப்புப் புகை. பல வருஷமா ஒரு சமையலறைக்குப் பக்கத்துல இருந்த அச்சு. செயலாளரே, அச்சை வீட்டுக்கு எடுத்துட்டுப் போற வழக்கம் உண்டா?"

"இல்ல."

"யாருமே எடுத்துட்டுப் போனதில்லையா?"

செயலாளர் துண்டைத் தொடவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"முதல் அச்சு மட்டும்," என்றார். "சிறுத்தை வந்துடுச்சுன்னு தெரிஞ்ச அன்னைக்கு எடுத்தது. அதைத் தலைவர் வீட்டுக்குக் கொண்டுபோயிட்டார். நாங்க யாரும் கேட்கலை."

லொள்ளு அத்தையைப் பார்த்தான். "நம்மளைக் கூப்பிட்டதே அவங்கதானே! தானே தடம் வெச்சுட்டு, தானே துப்பறிய ஆள் வெச்சாங்களா? எந்த ஊர்ல நடக்கும் இது?"

அத்தை செயலாளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மரப்பட்டைக் கீறலைப் பார்த்து எந்த மிருகம், எத்தனை நாள் என்று சொல்கிற ஆட்கள். அளவு நாடாவோடு காட்டில் நடக்கிற ஆட்கள். இவர்களுக்கு நான்கு விரலும் மூன்று விரலும் தெரியாமல் போகுமா?

"உங்களுக்கு எப்ப தெரியும்?" என்றாள்.

"என்னது?"

"தொட்டி கவிழ்த்தது தடத்தைக் காப்பாத்தவா, மறைக்கவா?"

வெளியே குழாயிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. செயலாளர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பார்த்த உடனே தெரியும்மா," என்றார். "எனக்கு மட்டும் இல்ல. தூக்கப் போன எல்லாருக்கும் தெரியும். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கலை. யாரோ முதல்ல நடந்தாங்க. தடத்துக்குப் பக்கத்துல, மத்த காலோட தடம் இருந்திருக்க வேண்டிய இடமாப் பார்த்து, மிதிச்சு மிதிச்சு நடந்தாங்க. நானும் மிதிச்சேன். இல்லாத தடத்தை அழிச்சோம். அப்புறம் யாரோ ஒரு தொட்டி கொண்டுவந்து கவிழ்த்தாங்க. அதைப் பார்த்து எல்லாரும் வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துட்டு வந்தாங்க."

அத்தை மேசையில் கையூன்றி அவர் பக்கம் குனிந்தாள்.

"ஏன் சொல்லலை?"

"எதைச் சொல்றது? சொன்னா தலைவர் கயிறு தாண்டினவர் ஆயிடுவார். அந்தம்மா வீடு வெளிய போகணும், சட்டம் சட்டம்தானே. சொல்லாம விட்டா சாதாரண விபத்து, சிறுத்தைக்குப் பயந்து ஓடினார், முடிஞ்சது. கூண்டு வரும்னு யார் நினைச்சா? நாங்க எழுதிக் குடுத்ததே நாலு வரி. அதைப் படிச்சுட்டு ஒரு வண்டி அனுப்புவாங்கன்னு…" அவர் நிறுத்தினார். "வந்ததுக்கு அப்புறம் எல்லாரும் இன்னொருத்தர் சொல்லுவாங்கன்னு பார்த்தோம். இன்னும் பார்த்துட்டுத்தான் இருக்கோம்."

அத்தை துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

குழாயடியில் வழிகாட்டி குந்தி உட்கார்ந்து தொட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருந்ததையெல்லாம் எடுத்து வந்துவிட்டிருந்தாள். கழுவியவை ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன. அத்தை பக்கத்தில் குந்தினாள். முழங்கால் கடகடத்தது.

"அவங்கவங்க வீட்டுல திருப்பிக் குடுக்கணும்," என்றாள் வழிகாட்டி. "இனிமே தேவைப்படாதுல்ல."

"தேவைப்படாது." அத்தை உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

வழிகாட்டி அதைப் பார்த்தாள். குழாயை மூடினாள். "அது எங்க விழுந்துச்சுன்னு அன்னைக்கு எனக்குத் தெரியலை. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்."

"நீங்க அவரைத் தேடிப் போனீங்க."

"காலை டிபனுக்கு வந்துடுவார் எப்பவும். வரலை. எங்க இருப்பார்னு எனக்குத் தெரியுமே." அவள் குரல் மரங்கொத்தியைக் காட்டிய குரலாகவே இருந்தது. "தம்பியை வெளிய அனுப்பிட்டு வந்த அன்னைக்கு அவர் சாப்பிடலைங்க. மறுநாள் விடியறதுக்கு முன்னாடி எழுந்து போனார். என்னன்னு கேட்டேன். 'அப்படி எதைப் பார்க்கப் போனான்னு பார்த்துட்டு வர்றேன்'ன்னார். ஒரு தடவை பார்த்துட்டு விட்டுடுவார்னு நினைச்சேன். அவரும் அப்படித்தான் நினைச்சிருப்பார். அப்புறம் குட்டி போட்டப்பல்லாம் போனார்."

"தடம் வைக்கணும்னு எப்படித் தோணுச்சு?"

"அவர் கயிறுக்கு அந்தப் பக்கம் கிடக்கார். ஊரே வரப்போகுது. துரத்தினா ஓடலாம், அது குத்தமில்ல. அடுப்பு மேல ஸ்டாண்டுல அச்சு இருந்துச்சு. எடுத்துட்டு ஓடினேன்." ஈரக் கையைப் பார்த்துக்கொண்டாள். "அதுக்குக் கூண்டு வரும்னு எனக்குத் தோணவே இல்லைங்க. அதுக்கு யாராவது கூண்டு வைப்பாங்கன்னு நாங்க நினைச்சதே இல்ல. எத்தனை வருஷமா அதைப் பார்த்துட்டு இருக்கோம்."

"என்கிட்டயே நேத்து சொல்லியிருக்கலாமே."

"வாயைத் திறந்தேன். 'நிரூபிச்சுக் குடுங்க'ன்னுதான் வந்துச்சு."

அத்தை தலையசைத்தாள். அவளுக்கும் பல நாட்களாக வேறு வார்த்தைகள்தான் வந்துகொண்டிருந்தன. "நான் போய் அதிகாரிகிட்ட சொல்லட்டுமா? இல்ல நீங்க சொல்றீங்களா? நான் சொன்னா நீங்க மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கும். நீங்க சொன்னா நீங்க சொன்ன மாதிரி இருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான். வீடு எப்படியும் வெளிய போகும்."

"சிறுத்தை?"

"அது உள்ள இருக்கும்."

வழிகாட்டி எழுந்து கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் பஞ்சர் கடைக்காரர் இன்னும் அதே டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார். அதிகாரி பொறுமையின் கடைசிப் படியில் நின்றிருந்தார். லொள்ளு தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். ஒரு குமிழிகூட இல்லை.

"அண்ணே, இது ஓட்டையே இல்லாத டியூப் மாதிரி தெரியுதே?"

"தேடிட்டு இருக்கேன் தம்பி," என்றார் அவர், நிமிராமல். "அவசரப்பட்டா ஆகாது."

"ஓட்டை போட்டதும் நீங்கதானா, இல்ல தேடுறது மட்டும்தானா?"

அவர் அப்போதுதான் நிமிர்ந்தார். பார்த்தது லொள்ளுவை அல்ல. அவனுக்குப் பின்னால் வருகிற அண்ணியை. டியூப் கையிலிருந்து நழுவியது.

அவள் அதிகாரியின் முன்னால் போய் நின்றாள். செயலாளர் வந்தார். வீடுகளிலிருந்து இரண்டு பேர், நான்கு பேர் என்று வந்து தள்ளியே நின்றார்கள். அவள் சுருக்கமாகத்தான் சொன்னாள். கணவர் எங்கே போவார், எதற்குப் போவார், அச்சு எங்கே இருந்தது. நடுவில் அதிகாரி, "அம்மா, நீங்க சொல்றது உங்களுக்கே பாதகமா முடியும்," என்றார். "தெரியும் சார்," என்றாள். அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை கைக்குட்டையை அவரிடம் கொடுத்தாள். லொள்ளு தன் போனில் எடுத்திருந்த தடங்களைக் காட்டினான். அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அதிலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"சக்கரத்தை மாட்டுங்க," என்றார் டிரைவரிடம். "கிளம்பலாம்."

செயலாளர் வழிகாட்டிக்கு எதிரே வந்து நின்றார். கை பாதி நீண்டு நின்றது. அவளே ஊதலைக் கழற்றி அந்தக் கையில் வைத்தாள்.

"ஓடைப் பாலத்துல ரெண்டாவது கட்டை ஆடுது," என்றாள். "பார்க்க வர்றவங்க விழுந்துடப் போறாங்க. மாத்திடுங்க."

"மாத்திடுறேன்ம்மா."

அவள் வாசலைத் தாண்டி வெளியே வந்தாள். வந்தபின் எந்தப் பக்கம் போவது என்று தெரியாதவள்போல ரோட்டில் நின்றாள். இத்தனை வருடம் எதிரே இருந்த கடைதான். கொழுந்தன் பெஞ்சிலிருந்த சாமான்களைச் சத்தமாக ஒதுக்கித் தள்ளினார்.

"உக்காருங்க அண்ணி."

உட்கார்ந்தாள். அவர் நின்றார். கை முழுக்கக் கறுப்பு. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வண்டி கிளம்பிப் போயிற்று. காலிக் கூண்டு தடதடவென்று குலுங்கும் ஓசை வளைவு வரைக்கும் கேட்டது.

"நான் எதைப் பார்த்தேன்னு தெரிஞ்சுக்கவா அண்ணன் போச்சு?" என்றார் அவர்.

"ஆமா."

"என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

"கேட்கிற ஆளா அவர்?"

அவர் சிரிக்க முயன்றார். சரியாக வரவில்லை. பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். வாசலையும் அதற்கப்பால் இருந்த மரங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கலாமா வேண்டாமா என்று இருந்துவிட்டு, கடைசியில் மெல்லக் கேட்டார்.

"இந்தத் தடவை எத்தனை குட்டி அண்ணி?"

"ரெண்டு," என்றாள். "ஒண்ணு கருப்பு."

"கருப்பா!"

"சுத்தக் கருப்பு. வெளிய வரவே வராதாம். அம்மா வயித்துக்கடியிலயே கிடக்குமாம். அவர் தினமும் வந்து இட்டிலி தட்டு முன்னாடி உட்கார்ந்து சொல்வார், இன்னிக்குக் காது தெரிஞ்சுது, இன்னிக்குக் கால் தெரிஞ்சுதுன்னு. அன்னைக்குக் கிளம்பும்போது கூட, இன்னிக்கு எப்படியும் முழுசா…"

அதற்குமேல் அவளால் சொல்ல முடியவில்லை. முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. வாசலுக்குள் நின்றிருந்தவர்கள் யாரும் கலையவில்லை, யாரும் வெளியே வரவும் இல்லை.

லொள்ளு வாயைத் திறந்தான். அத்தை அவன் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். கொஞ்சம் பலமாகவே அழுத்தியிருக்க வேண்டும்.

"வலிக்குது அத்தை," என்றான் அவன்.

"வலிக்கட்டும்," என்றாள். கையை எடுக்கவில்லை.